லெஸ் என்றால் குறைவு இல்லை

பாபு,

உன் பெட்டியில் எல்லாவற்றுக்கும் மேலே இந்தக் காகிதங்களை வைத்திருக்கிறேன். சிங்கப்பூரில் இறங்கி ரூமுக்குப் போய்ப் பெட்டியைத் திறக்கும்போதுதான் பார்ப்பாய். நேரில் சொல்லியிருக்கலாம். இத்தனை நாளாக வாய்வரை வந்ததை முழுங்கிக்கொண்டே இருந்தேன். நீ கப்பல் பட்டறையில் டாங்குகளுக்குள் இறங்கிச் சுத்தம் செய்யும் வேலைக்குத்தான் போகிறாய் என்று ஏஜென்ட் போனில் சொன்ன அன்றைக்கே உன்னைப் போகாதே என்று தடுத்திருப்பேன். தடுத்தால் ஏன் என்று கேட்பாய். அந்த ஏனுக்குப் பதில் சொல்ல எனக்குப் பதினைந்து வருஷம் தேவைப்பட்டிருக்கிறது. ஆகவே போய் வா. ஆனால் முதல் நாள் வேலைக்குக் கிளம்புவதற்கு முன் இதைக் கடைசிவரை படித்துவிடு.

நீ சின்னப்பிள்ளையாக இருந்தபோது நான் மணலி போகும் ரோட்டில் ஒரு யார்டில் வேலை பார்த்தேன் அல்லவா. முதுகுவலி என்று சொல்லி அந்த வேலையை விட்டேன். முதுகுவலி எனக்கு அப்போதும் இல்லை, இப்போதும் இல்லை. துறைமுகத்திலிருந்து வரும் டாங்க் கன்டெய்னர்களைக் கழுவுகிற யார்டு அது. நீளமான இரும்புச் சட்டத்துக்குள் படுக்க வைத்த பெரிய உருளை; உச்சியில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு வட்ட மூடி. உள்ளே ஏற்றி வந்த ரசாயனத் திரவத்தை இறக்கியபின் ஆட்கள் ஏணி போட்டு உள்ளே இறங்கித் தேய்த்துத் துடைத்துவிட்டு வருவார்கள். நான் ஸ்டோரில் இருந்தேன். கையுறை, பூட்ஸ், துடைக்கிற துணி எல்லாம் என்னிடம்தான் வந்து வாங்கிப் போக வேண்டும். அந்த யார்டில் பிளஸ் டூ முடித்தவள் நான் ஒருத்திதான். மருந்து டப்பாவில் இருப்பதைப் படிக்க வேண்டுமா, ரேஷன் கார்டில் பெயர் தப்பா, பிள்ளைக்கு டி.சி. வாங்க மனு எழுத வேண்டுமா, எல்லாரும் என்னிடம் வருவார்கள். டீச்சரக்கா என்று கூப்பிடுவார்கள். உன் அப்பா டிரெய்லர் ஓட்டிக்கொண்டு துறைமுக ரோட்டில் நாள் கணக்கில் வரிசையில் நிற்கிற மனிதர். வீட்டில் என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அந்தப் பெயர் எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்று இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது.

ஒருநாள் சூப்பர்வைசர் ஒரு தாளைக் கொண்டுவந்து கொடுத்தார். "இத்த தமிழ்ல போர்டுல எழுதி வெச்சிடும்மா. ஆபீஸ்ல கேட்டுகினே கீறாங்கோ" என்றார். டாங்குகளில் திரவம் கெடாமல் இருக்க நைட்ரஜன் வாயுவை அடைத்து அனுப்புவார்கள். அதைப் பற்றிய எச்சரிக்கை அது. அதில் இரண்டு சொற்கள் இருந்தன. கலர்லெஸ். ஓடர்லெஸ். ஓடர் என்றால் வாசனை என்பது தெரியும். லெஸ் என்பதும் தெரியும் என்று நினைத்தேன். எம்.சி. ரோட்டில் துணி எடுக்கப் போனால் நாம் என்ன கேட்போம்? கொஞ்சம் லெஸ் பண்ணிக் குடுங்க என்போம். கேர்லெஸ் என்றால் என்ன? கவனக்குறைவு. எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள், பேப்பரிலும் அப்படித்தான் போடுகிறார்கள். கேர்லெஸ் கவனக்குறைவு என்றால் ஓடர்லெஸ் வாசனைக் குறைவு. கணக்கு சரியாக வந்தது. வீட்டில் உன் சித்தப்பா விட்டுப்போன அகராதி இருந்தது. யார்டு ஆபீசில் பட்டம் படித்த பையன்கள் இருந்தார்கள். கேட்டிருக்கலாம். கேட்டால் டீச்சரக்காவுக்குத் தெரியாது என்று ஆகிவிடும். நான் கேட்கவில்லை. மஞ்சள் தகரத்தில் கறுப்பு பெயின்டில், அழகான கையெழுத்தில் எழுதினேன்: நைட்ரஜன் வாயு. நிறம் குறைவு. வாசனை குறைவு. கவனம் தேவை.

ஏழுமலை என்று ஒருவர் அங்கே இருந்தார். எர்ணாவூரில் வீடு. ஒல்லியான உடம்பு, எந்த மூடிக்குள்ளும் நுழைந்துவிடுவார். டாங்குக்குள் இறங்கினால் ஏதாவது முணுமுணுத்துப் பாடிக்கொண்டே தேய்ப்பார். சொற்கள் இருக்காது, வெறும் ராகம்தான். அந்த இரும்பு வயிறு அவர் குரலை வாங்கிப் பெரிதாக்கி வெளியே அனுப்பும். ஸ்டோருக்குள் உட்கார்ந்திருக்கிற எனக்கு, நிலத்துக்கு அடியிலிருந்து யாரோ பாடுவதுபோல் கேட்கும். முதலில் ஒரு மாதிரி இருந்தது. பிறகு அந்தச் சத்தம் இல்லாமல் மத்தியானம் நகராது என்று ஆகிவிட்டது.

அன்றைக்கு மத்தியானச் சாப்பாடு முடிந்து வெகுநேரம் ஆகியிருந்தது. நாலு மணி இருக்கும். துறைமுகத்திலிருந்து வந்த ஒரு டாங்கின் மூடியைத் திறந்து வைத்திருந்தார்கள். ஏழுமலை ஸ்டோர் ஜன்னலுக்கு வந்தார்.

"யக்கா, மூடிகிட்ட மூக்க வச்சிப் பாத்துட்டேன். ஒண்ணியும் வர்ல. போர்டுல வாசன கம்மின்னு போட்டுகீதே, அந்தக் கம்மிகூட வர்ல. எறங்கட்டா?"

அவரை இறக்குவதற்கு நான் யார்? கையுறை கொடுக்கிறவள். உள்ளே மூச்சுவிடக் காற்று இருக்கிறதா என்று அளந்து பார்க்க ஒரு கருவி ஆபீஸ் அலமாரியில் பூட்டிக் கிடந்தது. சூப்பர்வைசரைக் கேளுங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் என்ன சொன்னேன் என்றால், "கம்மியாகூட வர்லன்னா உள்ள ஒண்ணும் இல்லன்னுதான் அர்த்தம்" என்றேன். "அப்ப சரி, டீச்சரக்கா சொல்ட்டா போதும்" என்று சிரித்துவிட்டுத் துணியை வாங்கிக்கொண்டு போனார்.

ஏணியில் அவர் பூட்ஸ் சத்தம் கேட்டது. ராகம் தொடங்கியது. தொடங்கியதும் நின்றுவிட்டது. இருமலோ கூப்பாடோ எதுவும் விழுகிற சத்தமோ இல்லை. ஒரு வரியின் பாதியில் நின்றது, அவ்வளவுதான். நான் மீதி வரிக்காகக் காத்திருந்தேன். யார்டில் கிரேன் ஓடிக்கொண்டிருந்தது, ரோட்டில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள், யாரோ தகரத்தை இழுத்தார்கள். எல்லாச் சத்தமும் இருந்தது. இல்லாத அந்த ஒரு சத்தம்தான் என் காதில் பெரிதாகக் கேட்டது. எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. எழுந்து போய்ப் பார்க்க வேண்டும் என்று ஏன் தோன்றவில்லை என்பதும் தெரியவில்லை.

கூட வேலை செய்கிற தாஸ் என்ற பையன்தான் மேலே ஏறி எட்டிப் பார்த்தான். "அண்ணன் குந்திகினு தூங்குது" என்று சிரித்தான். ரெண்டு தடவை கூப்பிட்டான். பிறகு காலை உள்ளே விட்டான். சூப்பர்வைசர் ஓடிவந்து அவன் சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்ததில் இரண்டு பேரும் கீழே விழுந்தார்கள். உள்ளே நைட்ரஜன் நிறைந்து, மூச்சுக்குக் காற்றே இல்லாமல் இருந்தது; அவனும் இறங்கியிருந்தால் அவனும் தூங்கியிருப்பான். தீயணைப்புக்காரர்கள் முகமூடி மாட்டிக்கொண்டு போய் ஏழுமலையை மேலே கொண்டுவந்தார்கள். கையில் டார்ச் எரிந்துகொண்டே இருந்தது. முகத்தில் வலி எதுவும் இல்லை. யாரோ பின்னாலிருந்து கூப்பிட, இதோ திரும்பப் போகிறவரைப்போல் இருந்தார்.

அன்று சாயங்காலமே என் போர்டை இறக்கி, அனுமதியின்றி உள்ளே நுழையாதே என்று மேலே புதிதாக எழுதி மாட்டினார்கள். மறுநாள் விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். புதுப் போர்டைக் காட்டி, இது முன்னாடியே இருந்ததா என்று என்னைக் கேட்டார். சூப்பர்வைசர் என் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். இருந்துச்சு சார் என்றேன். பெயின்ட் வாடை இன்னும் போகவில்லை. நான் சொன்னதை வைத்து அறிக்கை எழுதினார்கள். எச்சரிக்கையை மீறி உள்ளே இறங்கியிருக்கிறார், தொழிலாளியின் கவனக்குறைவு என்று. அந்தப் பொய்யைச் சின்னப் பொய் என்றுதான் அப்போது நினைத்தேன். ஏழுமலைக்கு நெஞ்சுவலி வந்திருக்கும் என்று யார்டில் பேசிக்கொண்டார்கள். நானும் நம்பினேன். நம்புவது சுலபமாக இருந்தது.

மூன்று மாதம் கழித்து ஒரு சாயங்காலம். நீ நாலாம் வகுப்பு. உனக்கு அது எப்படி ஞாபகம் இருக்கிறதோ, நான் என் பக்கத்திலிருந்து சொல்கிறேன். விளக்கு வைத்திருந்தேன், அடுப்பில் ரசம் இருந்தது. நீ தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு மறுநாள் டெஸ்டுக்கு உரக்கப் படித்துக்கொண்டிருந்தாய். கேர்லெஸ், கவனமற்ற. ஹார்ம்லெஸ், தீங்கற்ற. ஃபியர்லெஸ், பயமற்ற. கலர்லெஸ், நிறமற்ற. ஓடர்லெஸ், மணமற்ற.

"அற்றன்னா இன்னாடா?"

"இல்லாததும்மா."

"கொஞ்சமா இருக்கும் இல்ல?"

"இல்லம்மா. லெஸ்னு முடிஞ்சா சுத்தமா கெடையாது. கொஞ்சம்கூட இருக்காது. மிஸ் சொன்னாங்க."

"உங்க மிஸ்ஸுக்கு இன்னா தெரியும்."

"புக்லயே கீதும்மா, நீயே பாரு." நீ புத்தகத்தைத் தூக்கிக் காட்டிவிட்டு அடுத்ததைப் படித்தாய். "பிரெத்லெஸ், மூச்சற்ற."

அப்புறம் நீ, "ம்மா, தீயுது" என்றாய். திரும்பிப் பார்த்தேன். ரசம் பொங்கி வழிந்து, வற்றி, பாத்திரத்தின் அடி கருகிப் புகை கூரைவரை போயிருந்தது. உனக்கு இருமல் வந்தது. எனக்கு ஒரு வாசனையும் வரவில்லை. கருகல் இல்லை, புளி இல்லை, நம் வீட்டுச் சுவரில் ஊறிப்போன மண்ணெண்ணெய் இல்லை. காற்று கழுவி வைத்ததுபோல் இருந்தது. நான் உன் நோட்டைப் பிடுங்கி அந்தப் பக்கத்தைக் கிழித்தேன். நீ ஏம்மா என்று கேட்டாய். கன்னத்தில் அறைந்தேன். மறுபடியும் கேட்டாய், மறுபடியும் அறைந்தேன். மறுநாள் பக்கம் இல்லாத நோட்டோடு போய் வகுப்புக்கு வெளியே நின்றாய் என்று பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்து சொன்னாள். அதற்குப்பிறகு நீ என் எதிரில் இங்கிலீஷ் பாடத்தை உரக்கப் படித்ததே இல்லை. பத்தாவதில் அந்த ஒரு பாடத்தில் நீ தவறியபோது உன் அப்பா உன்னைத் திட்டினார். நான் சமையலறைக்குள் நின்றுகொண்டிருந்தேன். நீ செய்த தப்பு எதுவும் இல்லை, பாபு. நீ சரியான அர்த்தத்தைச் சொன்னாய். அதற்காகத்தான் அடி வாங்கினாய்.

அதன் பிறகு அது தினமும் வந்தது. நாலு மணிக்கு. எண்ணூர்க் காற்று எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். ஆலை வாடை, சாம்பல், கருவாடு, சாக்கடை, டீசல், எல்லாம் சேர்ந்த அது இல்லாமல் நாம் மூச்சே விட்டதில்லை. சரியாக நாலு மணிவாக்கில் அத்தனையும் ஒரே நொடியில் அறுந்துபோகும். நாலைந்து மூச்சு வரைக்கும் எதுவும் இருக்காது. பிறகு எல்லாம் திரும்பி வரும். யார்டில் வந்தது, வேலையை விட்டேன். வீட்டிலும் வந்தது. பெரியாஸ்பத்திரிக்குப் போய்க் காட்டினேன். காப்பித்தூளையும் கிராம்புத் தைலத்தையும் மோந்து பார்க்கச் சொன்னார்கள். எல்லாவற்றையும் சரியாகச் சொன்னேன். மூக்கில் ஒன்றும் இல்லை, மனசில் ஏதாவது வருத்தமா என்று டாக்டரம்மா கேட்டார். இல்லை என்றேன். உன் அப்பாவிடம் மட்டும் ஒருநாள் எல்லாவற்றையும் சொன்னேன். "யாருக்கும் தெரியாதுல்ல, வுடு" என்றார். நானும் விட்டேன். பதினைந்து வருஷம்.

ஏஜென்ட் போன் செய்தானே, அதற்கு அடுத்த வாரம் நான் எர்ணாவூருக்குப் போனேன். கோயிலுக்குப் போவதாக உன்னிடம் சொன்னேன். ஏழுமலையின் மனைவி கஸ்தூரியைத் தேடிக் கண்டுபிடிக்க வெகுநேரம் ஆகவில்லை. காலையில் ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை, மத்தியானம் வீடு. குடியிருப்பில் மூன்றாவது மாடி. பக்கத்து வீட்டில் நெத்திலிக் கருவாடு வறுத்துக்கொண்டிருந்தார்கள், படியில் சாக்கடை நாற்றம். என்னைப் பார்த்ததும், "ஸ்டோர்ல இருந்த டீச்சரக்காதான? உள்ள வா" என்றாள். டீக்குத் தண்ணீர் வைத்தாள். அவள் மகள் கல்லூரிக்குப் போயிருந்தாள்.

பேச்சு தானாகவே அவரிடம் போயிற்று. "பாலத்தாண்ட ரோடு கிராஸ் பண்றதுக்கே பத்து நிமிசம் நிப்பாரு. கேஸ் அடுப்ப ரெண்டு தபா பாத்துட்டுதான் படுப்பாரு. அந்த ஆளப் போயி கவனக்குறைவுன்னு எழுதிட்டாங்க. பொண்ணுகிட்ட கேக்குறாங்க, உங்கப்பா கேர்லெஸ்ஸா செத்துட்டாராமேன்னு." அவள் இதைக் கோபமாகச் சொல்லவில்லை. பலமுறை சொல்லி ஓய்ந்துபோன குரல்.

நான் வந்த விஷயத்தைத் தொடங்க வாயைத் திறந்தேன். கருவாட்டு வாடை அறுந்தது. சாக்கடை, கொதிக்கிற டீ, என் தலையிலிருந்த பூ, எல்லாம் போயிற்று. நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். நிமிர்ந்தபோது கஸ்தூரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கும் தெரியுதா?" என்று கேட்டாள்.

பதினைந்து வருஷமாக எனக்கு மட்டும்தான் என்று நான் நினைத்திருந்த விஷயம், பாபு. தலையை மட்டும் ஆட்டினேன்.

"தெனம் வரும். மொதல்ல என் மூக்குதான் போச்சுன்னு நென்சேன். அப்பால பழகிடுச்சு. உசுரோட இருந்தப்ப கெமிக்கல் நாத்தம் மாடிப்படிலயே வந்துடும், ஆளு பின்னால வரும். இப்ப வாசனயே இல்லாம வர்றாரு."

"பயமா இல்லியா?"

"இன்னாத்துக்குப் பயம்? ஏதோ கேக்கத்தான் வர்றாரு. கேட்டுட்டு நிக்கிறாரு. இன்னா கேக்குறாருன்னுதான் எனக்குத் தெரியல."

எனக்குத் தெரியும். எறங்கட்டா என்று கேட்கிறார். இன்னும் பதிலுக்கு நின்றுகொண்டிருக்கிறார். நான் அந்தக் காலி அறையைப் பார்த்து, கதவுப் பக்கமாகவோ ஜன்னல் பக்கமாகவோ தெரியவில்லை, வாய்விட்டே சொன்னேன். "எறங்காத ஏழுமலை. எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி சொல்ட்டேன்."

கருவாட்டு வாடை திரும்பி வந்தது. கஸ்தூரி அடுப்பை அணைத்தாள். என் எதிரில் வந்து உட்கார்ந்து, "இப்ப என்கிட்ட சொல்லு" என்றாள். போர்டில் எழுதியதை, ஜன்னலில் சொன்னதை, அதிகாரியிடம் சொன்ன பொய்யை, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழுவாள், அடிப்பாள் என்று நினைத்தேன். எழுந்துபோய் மகளின் நோட்டிலிருந்து இரண்டு தாள் கிழித்துக் கொண்டுவந்தாள். "சொன்னத அப்டியே எழுது." எழுதினேன். என் கவனக்குறைவால் என்று ஓர் இடத்தில் எழுதியதை அவள் விரல் வைத்து நிறுத்தினாள். "அந்த வார்த்த என் வூட்ல வேணாம். தெரியாதுன்னு எழுது." அந்தச் சொல்லை அடித்துவிட்டுத் தெரியாமல் என்று எழுதினேன். கையெழுத்து வாங்கிக்கொண்டு, "போ" என்றாள். டீயை அவள் ஊற்றவே இல்லை. படியிறங்கும்போது என்னை மன்னிப்பாயா என்று கேட்கலாமா என்று தோன்றியது. அதைக் கேட்கிற தகுதி எனக்கு இல்லை என்று வந்துவிட்டேன்.

உனக்கு நான் சொல்ல வேண்டியது அதிகம் இல்லை. அங்கே எல்லாப் போர்டும் இங்கிலீஷில்தான் இருக்கும். தெரியாத சொல் ஒன்று வந்தால், அது எவ்வளவு சின்னதாக இருந்தாலும், கேள். சிரிப்பார்கள். சிரிக்கட்டும். யாராவது உள்ளே ஒன்றும் இல்லை, இறங்கு என்று சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று அவனைக் கேள். அளக்கிற கருவியை அவன் கையில் பார்த்தபிறகு இறங்கு. உள்ளே ஒருவன் விழுந்து கிடந்தால் பின்னாலேயே குதிக்காதே. சத்தம் போடு, ஆள் கூப்பிடு. அது கோழைத்தனம் இல்லை. மூக்கை நம்பாதே. உன்னிடம் ஒருவன் வந்து கேட்கிறபோது உனக்குத் தெரியாவிட்டால், தெரியாது என்று சொல்லிப் பழகு. அந்த ஒரு சொல்லை என்னால் அன்று சொல்ல முடியவில்லை. என்னைப்போல் இருக்காதே என்று ஒரு தாய் எழுதுவது கஷ்டம்தான். எழுதிவிட்டேன்.

கஸ்தூரி அந்தத் தாளை விசாரணை ஆபீசில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள். பழைய கேசை மறுபடி பார்க்கச் சொல்லி மனுப் போட்டிருக்கிறாள். என்னை நேரில் வந்து சொல்லும்படி கடிதம் வந்திருக்கிறது. நீ விமானம் ஏறுகிற அதே நாள், அதே காலை. வழியனுப்ப வர முடியாது, கோயில் வேண்டுதல் என்று உன்னிடம் சொல்லப்போகிறேன். இதுதான் நான் உன்னிடம் சொல்கிற கடைசிப் பொய். அங்கே அவள் இருக்கும் பெஞ்சிலேயே நானும் உட்கார வேண்டியிருக்கும். அவள் என்னோடு பேசமாட்டாள். என்னை என்ன செய்வார்கள் என்று தெரியவில்லை. யாராவது உனக்குப் போன் செய்து ஏதாவது சொன்னால் பதறாதே, வேலையை விட்டுவிட்டு ஓடி வராதே.

அந்த நாளுக்குப் பிறகும் நம் வீட்டில் நாலு மணி வந்துகொண்டுதான் இருக்கிறது. போன செவ்வாய்க்கிழமை நீ தூங்கி எழுந்து வந்து சமையலறை வாசலில் நின்றுகொண்டு, "யார்கிட்டம்மா பேசிகினு கீற?" என்று கேட்டாய். ஒண்ணுமில்லடா, சும்மா என்றேன். இறங்காதே என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவரிடம் சொல்கிறேன் என்றுதான் தொடங்கினேன். நீ வந்து நின்றபோது உன்னிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அம்மா